காலண்டரில் ஏறிய காதுகுத்து

எங்கள் வகையறாவில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் விழுந்து, ஒரு வீட்டில் சோறு பத்தாமல், மறு வீட்டில் பந்திக்கு ஆள் இல்லாமல் போன வருஷம்தான் அந்தக் காலண்டர் வந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி செய்து கொடுத்தாள். செல்போனில் திறந்தால் மாதம் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். கல்யாணம் சிவப்பு, காதுகுத்தும் சடங்கும் மஞ்சள், கோயில் காரியம் பச்சை, கேதம், அதாவது சாவு வீடு, சாம்பல் நிறம். போடியில் இருக்கிறவர்கள், தேவாரம், குரங்கணிப் பக்கம் இருக்கிறவர்கள், மலைமேல் ஏலத்தோட்டத்தில் தங்கிக் கிடக்கிறவர்கள், திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்கள், வெளியே கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகள் என்று ஒருத்தரை விடாமல் சேர்த்திருந்தாள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் ஏற்றலாம்.

நான் போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கேட்க வேண்டுமா? எழுதத் தெரிந்தவன், தெரியாதவன், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவன் எல்லாரும் என் கடைக்குத்தான் வருவார்கள். "மதினி, இதைக் காலண்டர்ல ஏத்திவிடுங்க, வெரசா போகணும்" என்பார்கள். நானும் ஏற்றிவிடுவேன். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்ததும் அடுத்த வேலை காலண்டரைத் திறந்து பார்ப்பதுதான். யார் வீட்டில் விசேஷம், யார் வீட்டில் கேதம், எந்த வீதியில் கரண்ட் கட் எல்லாம் தெரிந்துவிடும். ஒரு மருமகள் "மாமியார் வருகை, மூன்று நாள்" என்று சாம்பல் நிறத்தில் போட்டுவிட்டாள். அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் பிரிண்ட் எடுக்க வந்தவர் பயந்துபோனார்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கீழே மூன்று பட்டன் இருக்கும். வருகிறோம், வரவில்லை, பார்க்கலாம். எங்கள் ஆட்கள் "பார்க்கலாம்" என்பதைத்தான் அதிகம் அழுத்தினார்கள். ஒரு பெரியவரின் கேதத்துக்கு ஒருத்தர் "பார்க்கலாம்" என்று அழுத்திவிட, செத்தவரின் மகன் அவரைச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு யார் என்ன அழுத்துகிறார்கள் என்பது நிகழ்ச்சியைப் போட்டவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி அந்தப் பெண் மாற்றிவிட்டாள். வம்பு வேண்டாம் என்றுதான் மாற்றினாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றியும் அவர் தங்கச்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

அவருக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு ஏலத்தோட்டம். திங்கட்கிழமை காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையேறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். அவருக்குக் கூடப் பிறந்தது ஒரே தங்கச்சி. தேவாரத்தில் கட்டிக்கொடுத்தது. தங்கச்சி என்றால் அவருக்கு உயிர். ஆனால் நாலைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நாங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினபோது தோட்டத்தில் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்தது. ஆள் கிடைக்காத நேரம். தேவாரத்துக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட முடியவில்லை. போனில் சொன்னார். தங்கச்சி வீட்டுக்காரர் முறுக்கிக்கொண்டார். "ரோட்டுல போறவனக் கூப்பிடுற மாதிரி போன்ல கூப்பிட்டா வந்து நிக்கிறதுக்கு எங்களுக்கு வேற சோலி இல்லையா?" என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். அந்த யாரோ அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கிவைத்துவிட்டார். தங்கச்சி வரவில்லை. பால் பொங்கும்போது நாத்தனார் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தியை நிறுத்தினோம். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பிறந்த பெண்குழந்தை. அதற்கும் போகவில்லை. அவர்கள் சொல்லி அனுப்பவில்லை, இவர் போகவில்லை. ஆனால் தேவாரத்துப் பக்கத்திலிருந்து எவராவது தோட்டத்துக்கு வேலைக்கு வந்தால், "தங்கச்சி பிள்ளை எப்படி இருக்கு? யார் சாடை?" என்று கேட்பாராம். என்னிடம் கேட்டதில்லை. வேலைக்கு வந்தவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் காலண்டரில் மஞ்சள் கட்டம் ஒன்று தெரிந்தது. காதுகுத்து. போட்டிருந்தது என் நாத்தனார்தான். தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயில். வெள்ளிக்கிழமை. கீழே ஒரு குறிப்பு: "யானை வருகிற இடம். எல்லோரும் பொழுதோடு கிளம்பிவிடவும்."

உடனே என் வீட்டுக்காரரைத்தான் நினைத்தேன். காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில்தானே உட்கார வேண்டும்? அவளுக்கு வேறு அண்ணன் தம்பி கிடையாது. இவரை விட்டால் மடி ஏது? இவர் போகாவிட்டால் எவனோ ஒரு பங்காளியை மாமன் என்று உட்கார வைப்பார்கள். காது ஒருமுறைதான் குத்துவார்கள். அந்த மடி போனால் போனதுதான்.

சனிக்கிழமை அவர் இறங்கி வந்ததும் போனைக் காட்டினேன். நின்றபடியே படித்தார். குளித்துவிட்டு வந்து மறுபடியும் வாங்கிப் படித்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு நான் போன்ல கூப்பிட்டது தப்புன்னா, இன்னைக்கு அவுக காலண்டர்ல கூப்பிடுறது மட்டும் சரியா? நீயே சொல்லு."

அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அதுதான் எரிச்சலே.

"அவ ஊருக்குப் போட்டது. உங்களக் கூப்பிட நேர்ல வருவா," என்றேன்.

"வரட்டும். வந்தா தலையால நடந்து போறேன்," என்றார்.

அடுத்த வாரம் காலண்டரைத் திறந்தபோது மஞ்சள் கட்டம் இடம் மாறியிருந்தது. வெள்ளியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்குப் போயிருந்தது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை என்றால் இவர் மலையில் இருப்பார். ஞாயிறு என்றால் வீட்டில் இருப்பார். அவள் பிறந்த வீட்டின் கிழமை அவளுக்குத் தெரியாதா? அப்பா காலத்திலிருந்து சனிக்கிழமை இறங்கித் திங்கட்கிழமை ஏறுகிற குடும்பம் இது. வெள்ளிக்கிழமை நல்ல நாளை விட்டுக்கொடுத்து ஞாயிறுக்கு மாற்ற அவள் மாமியாரிடம் என்ன பாடுபட்டாளோ.

அந்தச் சனிக்கிழமை அதைச் சொன்னேன். "ஞாயித்துக்கெழமைன்னா எல்லாத்துக்கும் லீவு. எனக்காகத்தான் மாத்துனாளாக்கும்," என்றார். சொன்னது அப்படி. ஆனால் மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போய்க் குழந்தைக்குத் தோடு எடுத்தார். குட்டியாக, சிவப்புக்கல் வைத்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைக்காரர், "யாருக்குண்ணே?" என்று கேட்டதற்கு, "என் தங்கச்சி மகளுக்கு. நான்தான் தாய்மாமன்," என்றார். அப்படி அவர் நெஞ்சை நிமிர்த்திப் பேசி நான் பார்த்து நாளாகியிருந்தது.

நான் கேட்டேன், "ஏங்க, நான் வேணா ஒரு போன் போட்டு உங்க தங்கச்சிகிட்டப் பேசட்டா?"

"நீ பேசாத. நீ பேசினா நான் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சுன மாதிரி ஆயிரும். அவுகளா வரணும்."

நானும் விட்டுவிட்டேன். அண்ணன் தங்கச்சி சண்டையில் மருமகளாக வந்தவள் வாயைக் கொடுத்தால், நாளைக்கு அவர்கள் இரண்டு பேரும் ஒன்று சேர்ந்துகொண்டு என்னைத்தான் ஏசுவார்கள். இது எல்லா வீட்டிலும் நடப்பது. ஆனாலும் இன்றைக்கு நினைத்தால் அந்த ஒரு போனைப் போட்டிருக்கலாமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

காதுகுத்துக்கு முந்தின வாரம் முழுக்க நான் கடையில் உட்கார்ந்து தேவாரம் பஸ்சு வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் வரவில்லை. சனிக்கிழமை அவர் மலையிலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரமே இறங்கிவிட்டார். முகம் தெளிவாக இருந்தது. வந்ததும், "யாரும் வந்தாகளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நாளைக்குக் காலையில வருவாக. ஒருத்தரையாவது அனுப்புவாக," என்றார். எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குளித்து, பட்டுக்கரை வேட்டி கட்டி, சந்தனம் வைத்துக்கொண்டார். ஜீப்பைக் கழுவித் தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். தாம்பாளத்தில் தேங்காய், பழம், குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, தோடு எல்லாம் எடுத்துவைத்தேன். அங்கேதான் சாப்பாடு என்று அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். பால்காரர் வந்தார். கேபிள் டிவிக்காரர் வந்தார். எதிர்வீட்டுக்கு எவரோ வந்தார்கள்.

"கெளம்பிப் போயிருவோங்க. யாரு கேக்கப்போறா? உங்க தங்கச்சி மக," என்றேன்.

"கூப்பிடாத வீட்டுக்குத் தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டுப் போயி மாமன்னு நிக்கச் சொல்றியா? அந்தாளு எல்லாருக்கும் முன்னாடி மொகத்தத் திருப்பிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

போன் காலண்டரிலிருந்து மணி அடித்தது. நிகழ்ச்சி தொடங்கப் போகிறது என்று ஞாபகப்படுத்துகிறதாம். அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. நல்ல நேரம் தாண்டியது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சோறு இருக்கா?" என்று கேட்டார். இல்லை. ரவையைக் கிண்டி வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் அவர் போன் அடித்தது. தங்கச்சி. இவர் எடுத்துக் காதில் வைத்தார். அவள் பேசிய வேகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது.

"அண்ணே, என்னண்ணே ஆச்சு? நல்லாத்தான இருக்கீக? காலண்டர்ல வர்றோம்னு போட்டிருந்தீகளே. கோயிலுக்கிட்ட டவர் இல்ல, ஒன்னும் தெரியல. இப்பத்தான் வீட்டுக்கு வந்தோம். ஜீப்பு எங்கிட்டும் கவுந்து கிவுந்து போச்சோன்னு கையும் ஓடல காலும் ஓடல எனக்கு. மதினி நல்லாருக்காகளா?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இவரும் கோபப்பட்டிருப்பார். அவள் அழுதாள். அண்ணன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருக்க மாட்டான், அப்படியென்றால் வழியில் என்னமோ நடந்துவிட்டது என்று முடிவுகட்டியிருந்தாள்.

இவர் போனை மறு காதுக்கு மாற்றினார். கடைசியில், "ஒன்னுமில்ல ஆத்தா. ஜீப்பு ஸ்டார்ட் ஆகல," என்றார்.

போனை வைத்ததும் நான் அவரைப் பார்த்தேன். "வர்றோம்னு போட்டீகளா?"

மெதுவாகச் சொன்னார். தோட்டத்துக்கு மேலே ஒரு வளைவில்தான் சிக்னல் கிடைக்கும். புதன்கிழமை அங்கே போய் நின்று காலண்டரைத் திறந்திருக்கிறார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "வருகிறோம்" என்பதை அழுத்திவிட்டார். "நான் பாதி எறங்கி வந்துட்டேன்னு தெரிஞ்சா, மீதிக்கு அவுக கூப்பிட வந்துருவாகன்னு நெனச்சேன்," என்றார். போட்டவளுக்கு மட்டும்தானே அது தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவரைக் கழுத்தைப் பிடித்தாவது ஜீப்பில் ஏற்றியிருப்பேன். வீம்பு பிடித்த மனுஷன், பட்டனை அழுத்துவதைக்கூடப் பெண்டாட்டிக்குத் தெரியாமல் செய்ய வேண்டுமா?

மறுநாள் திங்கட்கிழமை. மலைக்குப் போகவில்லை. தாம்பாளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு ஜீப்பில் தேவாரத்துக்குப் போனோம். யாரும் கூப்பிடவில்லை. நாங்கள்தான் போய் நின்றோம். யாரும் முகத்தைத் திருப்பவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. இதே ரோட்டில், இதே தாம்பாளத்தோடு முந்தின நாள் வந்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

என் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் வைத்துச் சொன்னாள். "சனிக்கெழம சாயங்காலம், அண்ணன் எறங்குனதும், நேர்ல வந்து கூப்பிடலாம்னு இருந்தோம் மதினி. உங்களுக்குச் சேலை, அண்ணனுக்கு வேட்டி எல்லாம் எடுத்தாச்சு. அதுக்குள்ள அண்ணன் வர்றோம்னு போட்டுருச்சு. அதப் பாத்துட்டு இவுகதான் சொன்னாக, மச்சானே எறங்கி வந்துட்டாக, இனிமேப்பட்டு நாம போயி நின்னா பழச எல்லாம் பேச வேண்டி வரும், அவுகளச் சங்கடப்படுத்த வேணாம், வர்றப்ப வாசல்ல நின்னு நல்லா மரியாதை பண்ணிப்புடுவோம்னு."

தங்கச்சி வீட்டுக்காரர் அப்படித்தான் செய்திருக்கிறார். பெரிய ரோஜா மாலையாக வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குத் திரும்பும் ரோட்டு முக்கில் வெயிலில் நின்றிருக்கிறார். வேறு யாராவது மாலையை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றதற்கும் கொடுக்கவில்லையாம். நல்ல நேரம் முடிகிறவரைக்கும் காது குத்த வந்த ஆசாரியை உட்கார வைத்துப் பார்த்தார்கள். அதற்கு மேல் பூசாரி சத்தம் போட, எங்கள் பங்காளி ஒருத்தரை மாமனாக உட்கார வைத்து, அந்த மாலையை அவருக்குப் போட்டுக் காது குத்தி முடித்தார்கள்.

குழந்தை முற்றத்தில் இருந்தது. காது இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. இவர் கையை நீட்டினார். வந்தது, மடியில் உட்கார்ந்தது, அவர் முகத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வீரிட்டு அழுதது. அதுவரைக்கும் பார்த்திராத முகம். தாயிடம் தாவியது. இவர் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். ஒன்றும் இல்லாத கையை எதற்குத் துடைத்தாரோ. எனக்கு அழுகையாக வந்தது. அடுப்படிக்குள் போய்விட்டேன்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது தங்கச்சி வீட்டுக்காரர் முந்திக்கொண்டு ஜீப்புக்குப் போனார். "பேட்டரியா மச்சான்?" என்று கேட்டார். டிராக்டர் வைத்திருக்கிற மனுஷர், வண்டி விஷயம் அத்துப்படி. என் வீட்டுக்காரர், "மெக்கானிக்கு பாத்துட்டான் மாப்ள. சரியாப் போச்சு," என்றார்.

"அதெப்படி விடுறது? மலைக்குப் போற வண்டி. பாதிக் கொண்டை ஊசியில நின்னா என்ன பண்ணுவீக?"

பானெட்டைத் தூக்கிவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே குனிந்தார். ஒவ்வொரு வயராகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஆயிலைப் பார்த்தார். பேட்டரி முனையைத் துணியால் துடைத்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று அவர் கேட்ட ஸ்பேனரை எடுத்து எடுத்துக் கொடுத்தார். இல்லாத கோளாறை அந்த மனுஷர் அவ்வளவு அக்கறையாகத் தேடினார். நான் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

"எல்லாம் நல்லாத்தான இருக்கு," என்றார் கடைசியில். கொஞ்ச நேரம் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பானெட்டை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இனிமே வண்டி மக்கர் பண்ணுனா ஒரு போன் போடுங்க மச்சான். நானே வந்து கூட்டியாந்துர்றேன்."

என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஜீப்பு உடனே கிளம்பிவிட்டது. எல்லாரும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நான் வெட்கப்பட்ட மாதிரி வேறு எதற்கும் வெட்கப்பட்டதில்லை.